எட்டாவது கைதி

ரெமி விடிந்ததும் எழுந்தான். குடத்துத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி முகம் கழுவினான். முந்தின நாள் ரொட்டியில் ஒரு துண்டு அறுத்தான். அது கெட்டித்துப் போயிருந்தது. தண்ணீர் கலந்த வைனில் ஊறவைத்து நின்றபடியே தின்றான். கட்டிலில் தான் படுத்திருந்த பாதியை மட்டும் இழுத்துச் சரிசெய்தான். மறுபாதி கலைந்திருக்கவில்லை. மரச்செருப்பை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினான். பூட்டவில்லை. படி இறங்கித் தெருவுக்கு வந்து, கடப்பாரையும் கையுமாக மற்றவர்கள் போகும் திசையில் நடந்தான். ஜூலையிலிருந்து இதேதான். இப்போது நவம்பர்.

சாந்த்-அந்துவான் பேட்டையில் பிறந்தவன் எவனும் தெருக்கோடியைப் பார்த்தால் வானத்தைப் பார்த்ததில்லை. எட்டுக் கோபுரங்களைத்தான் பார்த்திருப்பான். பேட்டைக்கு மாலை வெயில் என்று ஒன்று இருந்ததே இல்லை. ராஜாவின் சிறையாக இருந்த பஸ்தீல் கோட்டை அதை விழுங்கிவிடும். ஜூலையில் ஜனங்கள் அதைப் பிடித்த பிறகு இடித்து இடித்து, இப்போது கோபுரங்கள் பாதி உயரத்துக்கு இறங்கிவிட்டன. சாயங்காலம் தச்சுப் பட்டறைகளுக்குள் எல்லாம் வெளிச்சம் வந்து, மரத்தூள் பறப்பது தெரிந்தது. அங்கே பெரிய சதுக்கம் வரப்போகிறது என்றார்கள். நடுவில் ஒரு தூண் வைப்பார்களாம், சுற்றிலும் மரம் நடுவார்களாம், ஜனங்கள் நடனம் ஆடுவார்களாம். கற்கள் வண்டி வண்டியாகச் சேன் ஆற்றில் கட்டும் புதுப் பாலத்துக்குப் போயின. மிச்சத்தில் குட்டிக் கோட்டைகளைச் செதுக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். சீமாட்டிகள் ஒரு சில்லைத் தேய்த்து மோதிரத்தில் பதித்துப் போட்டுக்கொண்டார்கள். ரெமி இதையெல்லாம் காதில் வாங்கினான். அவனுக்கு வேண்டியது கல் மட்டும்தான். ஒரு கல்லைப் பெயர்த்தால் அடுத்தது இருக்கும். அதைப் பெயர்த்தால் அதற்கு அடுத்தது.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கல்லூரியில் லத்தீன் படித்தவன் அவன். வக்கீல் ஒருவரிடம் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்தான். மனைவி செத்த மூன்றாம் நாள் வக்கீல் வீட்டுக்குப் போகிற வழியில் திரும்பி இங்கே வந்து, கீழே கிடந்த ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுவரேறினான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கையில் கொப்புளம் வெடித்து ரத்தம் கடப்பாரையில் காய்ந்தது. பிறகு தோல் கெட்டியானது. வேலையாட்கள் அவனை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள்.

அந்த வேலையில் வாரம் ஒருவனாவது சாவான். போன வாரம் மேல்தளத்திலிருந்து தள்ளிய கல் ஒன்று சாரத்தில் பட்டுத் திரும்பி, கீழே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனின் மேல் விழுந்தது. கல்லைப் புரட்டியபோது அவனுக்கு இடுப்புக்கு மேல் மனித உருவம் இல்லை. தண்ணீர் மொண்ட குவளை மட்டும் கையில் முழுசாக இருந்தது. சாக்கில் அள்ளி எடுத்துப் போனார்கள். மத்தியானம் அதே இடத்தில் உட்கார்ந்து எல்லோரும் சூப் குடித்தார்கள். ரெமியும் குடித்தான்.

அவனோடு சேர்ந்து நெம்புகோல் போடுகிறவர் மெல்கியோர். அவரைப் பேட்டை முழுக்கத் தெரியும். தலை பஞ்சாக நரைத்த, ஆனால் தோள் தளராத மனிதர். கோட்டை விழுந்த அன்று உள்ளே இருந்து மீட்ட கைதிகள் ஏழு பேர் என்றுதான் நகரசபை சொன்னது. பேட்டைக்காரர்கள் எட்டு என்றார்கள். எட்டாவது ஆளைத் தோளில் தூக்கி வந்ததை ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சாம்பல் நிற முரட்டு நூல் அங்கி, வெள்ளை முடி, வெளிச்சம் தாங்காமல் சுருங்கிய கண்கள். அவர் பேசிய பிரெஞ்சு உடைந்து உடைந்து வந்தது. இருட்டில் கிடந்து கிடந்து பேச்சே மறந்துவிட்டது என்று பெண்கள் அழுதார்கள். ராஜாவின் ஆசைநாயகியைப் பற்றிப் பாட்டுக் கட்டிய ஜெர்மன் பிரபு என்று ஒரு சாராயக் கடையில் பேச்சு. அடுத்த கடையில் அவர் ஒரு பாதிரியார். அவர் எதையும் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. எந்தக் கடையிலும் அவரிடம் காசு கேட்கமாட்டார்கள்.

அவரைத் தோளில் தூக்கி வந்தவன் ரகோ. தொப்பி தைக்கிறவன். இப்போது பாரந்தூக்கிக் கோஷ்டிக்குத் தலைவன். கோட்டையைப் பிடித்த வீரன் என்று சட்டையில் நாடா குத்தியிருப்பான். நல்ல குரல். பேட்டையில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவன்தான் பேசுவான். பேசும்போது இரண்டு கதை தவறாமல் வரும். ஒன்று, இருட்டறையின் கதவை உடைத்து மெல்கியோரைத் தூக்கி வந்தது. இன்னொன்று, பெரின்.

பெரின்தான் ரெமியின் மனைவி. சுவர்க்காகிதப் பட்டறையில் சாயம் அடிக்கிற பெண். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் தாண்டியிருந்தது. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் நீலம் போகாது. ஜூலை பதினாலாம் தேதி பட்டறை மூடியிருந்தது, வக்கீல் வீடும் மூடியிருந்தது. பேட்டையே கோட்டை வாசலுக்குப் போனது, அவர்களும் போனார்கள். சண்டை போட இல்லை, பார்க்க. வெளிமுற்றத்தின் ஓரமாக, சுவரை ஒட்டியிருந்த கடைகளின் முன்னால் நல்ல இடம் கிடைத்தது. முன்னால் இருந்தவர்கள் வைக்கோல் வண்டிகளைக் கொளுத்தினார்கள். புகை மண்டியது. மேலே இருந்து சுட்டார்கள். பெரின் திரும்பி நடக்கத் தொடங்கியபோது, கூட்டத்தில் இரண்டு ஆள் தள்ளி, முகம் குப்புற விழுந்தாள். குண்டு முதுகில், தோள்பட்டைக்குக் கீழே நுழைந்திருந்தது. முன்பக்கம் வெளியே வந்த இடம் கை நுழையும் அளவுக்கு இருந்தது. ரெமி புரட்டிப் போட்டபோது அவள் கண் திறந்துதான் இருந்தது, பார்வை இல்லை.

ரகோ சொல்லும் கதையில் குண்டு நெஞ்சில் பாய்ந்தது. அவள் கொடிபோல ஒரு சிவப்புத் துணியை ஏந்தி முன்வரிசையில் நின்றாள். அவன் கையில் சாய்ந்து, "என் ரத்தத்துக்குப் பழி வாங்குங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். கேட்கிற பெண்கள் மேல்துணியால் மூக்கைத் துடைப்பார்கள். ஆண்கள் ரெமியின் முதுகைத் தட்டுவார்கள். அவள் சொன்னது அது இல்லை. அவள் கடைசியாகச் சொன்னதை ரெமி யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவளைப் பார்த்து யாராவது சிரிப்பதைத் தாங்கும் சக்தி அவனுக்கு இல்லை. அதனால் ரகோவின் பொய்யை அப்படியே விட்டான். நாலு மாதத்தில் அது பேட்டையின் சுவர்களில் கரியால் எழுதப்பட்டிருந்தது.

அன்று மாலைவரை அவளைக் கடைத் தாழ்வாரத்தின் கீழ் இழுத்துப் போட்டுத் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோட்டை விழுந்தது அவனுக்குச் சத்தமாக மட்டும் தெரிந்தது. பிறகு ஊர்வலங்கள் அவன் முன்னால் போயின. கோட்டைக் காவலுக்கு இருந்த கிழட்டுப் பென்ஷன் சிப்பாய்களை அடித்து இழுத்துப் போனார்கள். ஒருவனின் துண்டித்த கையை, சாவிக்கொத்தோடு, குச்சியில் தூக்கிப் போனார்கள். சிறைக்காவலன் கை என்று கத்தினார்கள். அவன் காவலன் இல்லை, கோட்டைத் தலைவர் வெடிமருந்தைக் கொளுத்தி எல்லோரோடும் கோட்டையைத் தகர்க்கவிடாமல் தடுத்தவன் என்று மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் அவனைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈட்டி நுனிகளில் தலைகள் போயின. இதற்கெல்லாம் நடுவில் ரகோவின் தோளில் நரைத்த மனிதர் ஒருவர், பயந்த குழந்தை மாதிரி அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு ரெமி பார்த்ததில் ரத்தம் இல்லாதது அது ஒன்றுதான். இவள் போனாள், அவர் வெளியே வந்தார் என்று நினைத்தான். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் எழுந்தான். வேலைக்கு வந்தபோது கால் தானாக மெல்கியோர் பக்கத்தில் போய் நின்றது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளமாட்டார்கள். மத்தியானம் அவர் தன் சூப்பில் கிடக்கும் கறித்துண்டை எடுத்து இவன் கிண்ணத்தில் போடுவார். பெரினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஒரே மனிதர் அவர்.

அன்று காலை அவர்கள் வாசல் கோபுரத்தின் அடியில், இடிந்து விழுந்த காவலறைக் கூரையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சூப்காரி ஜாவோத் அண்டாவைக் கல்மேல் வைத்துக் கரண்டியால் தட்டினாள்.

"வாத்தியாரே, கிண்ணத்த நீட்டு. உன் மூஞ்சியப் பாத்தாலே என் சூப்பு ஆறிப் போவுது. கைதி ஐயா, நீங்க இப்படி வாங்க. கொழுப்பு மெதக்குற எடத்துல மொண்டு ஊத்துறேன்."

"எங்களுக்கெல்லாம் அடில இருக்குற தண்ணியா?" என்றான் பிக்கார். இருபது வயசுக் கொத்தன், வாய் ஓயாதவன்.

"நீயும் முப்பது வருஷம் ஜெயில்ல கெடந்துட்டு வா, உனக்கும் ஊத்துறேன்."

"பெரியவரே, எத்தன வருஷம்னு இன்னைக்காவது சொல்லுமே."

"நெறய" என்றார் மெல்கியோர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் எப்போதும் சொல்லும் பதில் அது.

பிக்காருக்கு உட்கார்ந்து குடிக்கத் தெரியாது. கிண்ணத்தோடு இடிபாட்டில் ஏறிக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று ஊளையிட்டான். இரண்டு பேராகச் சேர்ந்து எதையோ உருவினார்கள். கோட்டைச்சுவர்த் துப்பாக்கி. ஆள் உயரத்துக்கு மேல் நீளம், கைத்தடி கனத்துக்குக் குழல். தோளில் வைத்துச் சுட முடியாது. சுவரின் துவாரத்தில் தாங்கி வைத்துத்தான் சுட வேண்டும். மண் மூடியிருந்ததால் துருகூட அதிகம் இல்லை. பிக்கார் அதைக் கல்லில் சாய்த்து, விசையை இழுத்துப் பார்த்தான்.

"வெளிய நிக்குற கோச்சு வண்டிக்காரன் தொப்பியப் பறக்க வுடட்டுமா?"

"உன் மூஞ்சி பறக்காமப் பாத்துக்க" என்றாள் ஜாவோத்.

ஒருவன் சிக்கிமுக்கிக் கல்லைத் துடைத்துக் கொடுத்தான். இன்னொருவன் மருந்துப் பையைக் கொண்டுவந்தான். பாறை உடைக்க வைத்திருந்தது. பிக்கார் துப்பாக்கி விசையடியில் இருந்த சின்னக் கிண்ணியில் மருந்தைக் கொட்டி, கன்னத்தைக் கட்டையில் அழுத்தினான். அப்போது மெல்கியோர் எழுந்தார். சூப் கிண்ணம் கீழே உருண்டது. மூன்றே எட்டில் போய், பிக்காரின் கழுத்துச் சட்டையைப் பிடித்துப் பின்னால் எறிந்தார். கிண்ணியை ஊதி மருந்தைப் பறக்கடித்தார். பக்கத்தில் செருகியிருந்த இரும்புக் குத்துக்கோலை உருவிக் குழலுக்குள் விட்டார். கோல் முழுசாக இறங்காமல் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதை எல்லோருக்கும் காட்டினார்.

"உள்ள ரெண்டு. ஒண்ணுமேல ஒண்ணு. பயத்துல ரெண்டு தடவ போட்டுட்டான். சுட்டா... கொழா வெடிக்கும். தல இருக்காது."

அவர் அத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. கோலின் மறுமுனையில் இருந்த திருகைக் குழலுக்குள் திருப்பி, இழுத்து, அடைத்திருந்த துணியை எடுத்தார். குண்டு உள்ளங்கையில் விழுந்தது. மறுபடி திருகினார். இன்னொன்று. கை எங்கேயும் தயங்கவில்லை. கண் அதைப் பார்க்கவும் இல்லை. ரெமி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெரின் காகிதத்தில் சாயம் தேய்க்கும்போது இப்படித்தான் இருக்கும், கை ஒரு வேலை, அவள் ஒரு நினைப்பு. வருஷக்கணக்காகச் செய்தால் வருவது.

பிக்கார் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். முகம் வெளுத்திருந்தாலும் வாய் நிற்கவில்லை.

"உசுரக் காப்பாத்துன, பெருசு. சரி, காலி பண்ணியாச்சுல்ல, இப்ப நல்லதா ஒண்ணு போட்டா நேரா போவுமா?"

மெல்கியோர் கட்டைவிரலால் கிண்ணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டையில் இருந்த ஒரு பழைய வெட்டுத் தழும்பைத் தடவினார்.

"போவும். ஆனா இது எடப்பக்கம் இழுக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து ரெமியைப் பார்த்தார், வேறு யாரையும் இல்லை.

ஜாவோத்தான் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"உள்ள பூட்டிக் கெடந்த மனுஷனுக்கு, அது எந்தப் பக்கம் இழுக்கும்னு எப்படிய்யா தெரியும்?"

கோட்டையில் கிழட்டுச் சிப்பாய்களோடு சுவிஸ் பட்டாளத்துக்காரர்களும் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். நிறையச் சுட்டது அவர்கள்தான் என்று பிற்பாடு பேச்சு வந்தது. சட்டை கெடாமல் இருக்க மேலே சாம்பல் நிற அங்கி போட்டிருந்தார்களாம். கிழவர்கள் சீருடையில் இருந்ததால் செத்தார்கள். அங்கி போட்டவர்கள் புகைக்குள் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாக இதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதை ரெமி பார்த்தான். அவன் ஏற்கெனவே போட்டு முடித்துவிட்டான்.

யாரோ ஓடிப்போய் ரகோவைக் கூட்டிவந்தார்கள். அவன் துப்பாக்கியைப் பார்த்தான், மெல்கியோரின் கையில் இருந்த இரண்டு குண்டுகளைப் பார்த்தான். முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, பயம். ஊர் அறியச் சொன்ன கதை அவன் தோளிலிருந்து இறங்கி எதிரே நின்றது.

"எந்த ஊர்டா நீ?"

மெல்கியோர் இரண்டு குண்டுகளையும் கல்மேல் வைத்தார்.

"வாயத் தொறடா. எந்தப் பட்டாளம்?"

"சுவிஸ்" என்றார்.

ரகோ கடப்பாரைக் கைப்பிடியால் அவர் வாயில் அடித்தான். பல் உதிர்ந்து தாடையில் ஒட்டியது. "என் தோள்ல ஏறி வந்தவன்டா இவன்! என் தோள்ல!" என்று கத்திக்கொண்டே அடித்தான். அவ்வளவுதான், மற்றவர்கள் புகுந்துவிட்டார்கள். இலவசமாக ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு குவளைக்கும் அடித்தார்கள். அழுத ஒவ்வொரு அழுகைக்கும் அடித்தார்கள். யாரோ காதைப் பிடித்து இழுத்ததில் அது பாதி கிழிந்து தொங்கியது. விழுந்தவரின் கைமேல் ஒருவன் மரச்செருப்போடு ஏறி நின்றான். விரல்கள் முறிந்தது சுள்ளி ஒடிவதுபோல் கேட்டது. பிக்கார் மட்டும், "டேய், வுடுங்கடா, என்னக் காப்பாத்துனாருடா" என்று குறுக்கே விழுந்தான். அவன் மூக்கையும் உடைத்தார்கள். வாசலில் நின்ற தேசியக் காவல்படைக்காரன் இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ரெமி நின்ற இடத்திலேயே நின்றான். அவன் தலைக்குள் வெளிமுற்றத்தின் படம் விரிந்தது. வாசல் கோபுரத்தின் துவாரத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் வண்டி நேராக இருக்கும். கடைகள் அதற்கு இடப்பக்கம்.

"விளக்குக் கம்பத்துக்குக் கொண்டுபோய்த் தொங்க வுடுங்க" என்று ஒருவன் கத்தினான்.

"அவ்ளோ தூரம் எதுக்கு? இங்க நிக்குதே" என்றான் ரகோ.

பாரந்தூக்கி நின்றது. மூன்று கால் மரச்சட்டம், உச்சியில் கப்பி, கீழே நாலு பேர் சுற்றும் சக்கரம். மெல்கியோரைக் கையைப் பின்னால் கட்டி அதன் அடியில் நிறுத்தினார்கள். கால் நிற்கவில்லை, இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். சக்கரத்தில் நாலு பேர் கை வைத்துவிட்டார்கள். ஆனால் யாரும் சுற்றவில்லை. அங்கே ஒரு முறை உண்டு. கல்லுக்குக் கயிறு கட்டியவன் யாரோ அவன்தான் குரல் கொடுக்க வேண்டும். முடிச்சு எப்படி இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். அவன் "தூக்கு" என்று சொல்லாமல், ராஜாவே வந்து சொன்னாலும் சக்கரக்காரர்கள் சுற்றமாட்டார்கள். அவசரப்பட்டுச் சுற்றிச் செத்தவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மனிதனைத் தூக்குவதற்கு நின்றபோதும் கை அந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்பட்டு நின்றது.

ரகோ கயிற்றின் நுனியை எடுத்தான். ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தன் மேடைக் குரலில் சொன்னான்.

"இது நம்ம யாரு பாத்தியதையும் இல்ல. வாத்தியார் பாத்தியதை. அவன் கட்டட்டும். அவனே குரல் குடுக்கட்டும்."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. வழிவிட்டது. முதுகில் கைகள் பட்டுத் தள்ளின. கயிறு ரெமியின் கைக்கு வந்தது. சணல் ஈரமாக, கனமாக இருந்தது. நாலு மாதத்தில் முதன்முதலாக அவனுக்கு உடம்பு சுட்டது. காது மடல், கழுத்து, கண்ணுக்குள் எல்லாம் நெருப்பு. உணர்ச்சி என்று ஒன்று திரும்பி வருமென்றால் அது துக்கமாக வரும் என்று நினைத்திருந்தான். அது கொலைவெறியாக வந்தது. நன்றாக இருந்தது. கயிற்றை அவர் கழுத்தில் சுற்றினான். கல்லுக்குப் போடுகிற முடிச்சையே போட்டான்; இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே மெல்கியோர்தான்.

முகம் முகத்துக்கு அருகில் வந்தபோது மெதுவாகக் கேட்டான்.

"அன்னைக்கு அது உன் கைலயா இருந்துச்சு?"

"ஆமா." வாயில் ரத்தம் நுரைத்தது.

"எத குறி வெச்ச?"

"வைக்கோல் வண்டிய."

"எடப்பக்கம் யாரு நின்னான்னு பாத்தியா?"

"பொகை. ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும்." மூச்சு வாங்கினார். "இருட்டறைல ஒளிஞ்சேன். கதவ ஒடச்சு வந்தாங்க. அங்கியப் பாத்துக் கைதின்னு தூக்குனாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் உன்னப் பாத்தேன். தாழ்வாரத்துல. மடில அவ."

"தெரியுமா உனக்கு? இவ்ளோ நாளும்?"

"தெரியாது. இருக்கலாம்னு தெரியும்." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "முடிச்ச காதுக்குக் கீழ தள்ளு. சீக்கிரம் முடியும்."

ரெமி முடிச்சைக் காதுக்குக் கீழே தள்ளினான். கிழிந்த காது அவன் விரலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. இந்த மனிதர் கறித்துண்டை எடுத்துப் போட்டது எதற்கென்று இப்போது தெரிந்தது. இரக்கம் இல்லை அது. இருக்கலாம் என்று தெரிந்ததால். அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. இவர் செத்தால் அந்த நாளில் ரத்தம் இல்லாமல் மிஞ்சியதாக அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றும் போய்விடும். சாகாவிட்டாலும் அது போய்விட்டதுதான். வெளியே வந்தவர் என்று யாருமே இல்லை. எட்டாவது கைதி என்று ஒருவர் இருந்ததே இல்லை.

அவன் இரண்டடி பின்னால் வந்தான். கயிறு விறைப்பாயிற்று. மெல்கியோரைத் தாங்கியிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். அவர் நுனிக்காலில் நின்றார். சக்கரக்காரர்கள் நாலு பேரும் ரெமியின் வாயைப் பார்த்தார்கள்.

"இருங்க" என்றான் ரகோ. கண் கலங்கியிருந்தது, நிஜமான கண்ணீர். அவன் தன் கதையை நம்பத் தொடங்கி நாளாகிவிட்டது. "வெறும் குரல் வேணாம். இது கல்லு இல்ல. பெரின் கடைசியா என்ன கேட்டா? எல்லாரும் கேக்குற மாதிரி சத்தமா சொல்லு, வாத்தியாரே. அவ வாய்ல வந்தத நீ சொல்லு. அதான் குரல். அதக் கேட்டதும் நாங்க சுத்துறோம்."

இடிந்த சுவர்களின் மேலிருந்தவர்களும் கடப்பாரையை நிறுத்தினார்கள். அத்தனை மாதமும் ஓயாமல் இருந்த இரும்புச் சத்தம் ஓய்ந்தது. சாரங்களில், கற்குவியல்களில், கோபுரத்தின் மொட்டைத் தலையில், எங்கும் ஆட்கள். ஜாவோத் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்டாவின் பக்கத்தில் பிக்கார் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது.

ரெமி வாயைத் திறந்தான். ரகோவின் வார்த்தை நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. பேட்டைச் சுவர்களில் அத்தனை தடவை படித்தது. அதைச் சொல்லிவிடலாம். சொன்னால் முடிந்துவிடும். உடம்பெல்லாம் அதைத்தான் கேட்டது. ஆனால் அதைப் பெரின் சொல்கிற மாதிரி மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். அவள் குரல் வரவில்லை. மறுபடி முயன்றான். ரகோவின் குரல்தான் வந்தது. நாலு மாதமாக அவள் பேச்சு ஏன் நினைவில் மங்கிக்கொண்டே வந்தது என்று அப்போது விளங்கியது. அந்தக் குரலை இந்தக் குரல் அடித்துப் போட்டிருந்தது. இந்தக் கயிற்றோடு அது மொத்தமாகப் போய்விடும்.

உண்மையில் சொன்னதைச் சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள். யாராவது ஒருவன் முதலில் சிரிப்பான், பிறகு எல்லோரும். பேட்டையில் எந்தக் கடையிலும் அவள் பெயரைச் சொல்லி இனிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு இந்த மனிதரைத் தூக்கினாலும் தூக்குவார்கள். இறக்கிவிட்டாலும் விடுவார்கள். அது அவன் கையில் இல்லை.

"சொல்லு, வாத்தியாரே" என்றான் சக்கரக்காரன் ஒருவன். மரக்கைப்பிடியில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன.

ரெமி அவனைப் பார்த்தான். பெரின் அன்று புகைக்கு நடுவில் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று காதோரம் வாயை வைத்துச் சொன்னதை, இப்போது எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொன்னான்.

"எனக்கு ஒண்ணுக்கு முட்டுது, ரெமி. நீ இங்கயே நில்லு, எடத்த விட்டுறாத. இதோ வந்துர்றேன்."